சோடியம் அயனிக் கலத்தில் ஆனோடு நிலைக்கவில்லையா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

கொட்டாங்கச்சியிலிருந்து தயாரித்த ஹார்டு கார்பனை (அடுக்குகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் கடினக் கரி) ஆனோடாகக் கொண்டு நாங்கள் முதன்முதலில் கட்டிய சோடியம் அயனிக் கலங்கள் முப்பது ஏற்ற-இறக்கச் சுழற்சிகளுக்குள் பாதிக் கொள்திறனை இழந்தன. உலையின் வெப்பநிலையை ஐந்து முறை மாற்றினோம், கரியை அமிலத்தில் கழுவினோம், துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பைண்டரை மாற்றினோம். ஏழு மாதம் கழித்துத்தான், தேய்ந்த கலத்தைத் திறந்து அதே ஆனோடைப் புதிய சோடியத் தகட்டுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தொலைந்துவிட்டதாக நினைத்த கொள்திறனில் பெரும்பகுதி மறுநாளே திரும்பி வந்தது. கார்பன் கெடவில்லை, அதற்கு எதிரே இருந்த சோடியம் உலோகம் கெட்டிருந்தது. ஆனோடுப் பொருளை மாற்றுவதற்கு முன், சோடியம் எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டோம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் சோதனையையும் அதன் பிறகே தீர்வையும் சொல்கிறேன்.

சொற்களில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் ஆனோடை நேர்மின்வாய் என்று கற்பிக்கின்றன; மின்னாற்பகுப்புக்கு அது சரி. கலம் மின்னோட்டத்தைத் தரும்போதோ ஆனோடுதான் எதிர்முனை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஆனோடு, கேதோடு என்ற சொற்களையே இங்கே ஆள்கிறேன். அதேபோல் ஹார்டு கார்பனைச் சோடியம் உலோகத்துக்கு எதிரே வைத்துச் சோதிக்கும் அரைக்கலத்தில், கார்பனுக்குள் சோடியம் நுழைவதைக் கருவி 'டிஸ்சார்ஜ்' என்று காட்டும். எதிரே கேதோடு இருக்கும் முழுக்கலத்தில் அதே நிகழ்வு 'சார்ஜ்' ஆகிவிடும். எனவே சோடியம் ஏறுதல், சோடியம் இறங்குதல் என்றே சொல்லப் போகிறேன்.

தொடங்குவதற்கு முன்: பழுது ஆனோடில்தானா?

லித்தியம் கலங்களில் பழகியவர்கள் எதிர்த்தகட்டைச் சந்தேகிப்பதில்லை. சோடியத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. சோடியம் உலோகம் கார்பனேட் கரைப்பான்களுடன் ஓயாமல் வினைபுரிகிறது. அதன் மேல் உருவாகும் படலம் தடித்துக்கொண்டே போகிறது. வினையில் பிறக்கும் பொருள்கள் மின்பகுளியில் கரைந்து எதிரே இருக்கும் ஆனோடின் மேலும் படிகின்றன. டைமெத்தில் கார்பனேட் கலந்த மின்பகுளியில் ஒரு சோடியத் துண்டைப் போட்டு காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸுக்குள் சில நாள் வைத்திருந்து, கரைசலின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைப் புதிய மின்பகுளி ஒவ்வொன்றுக்கும் செய்துவிடுவது நல்லது.

அடுத்து, இருபுறமும் சோடியத் தகடு வைத்த சமச்சீர்க் கலம் ஒன்றைக் கட்டி, ஆனோடைச் சோதிக்கும் அதே மின்னோட்ட அடர்த்தியில் ஓட்டி, மிகை மின்னழுத்தம் (மின்னோட்டத்தைச் செலுத்தக் கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தம்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அது சில மில்லிவோல்ட் அளவில் நின்றால் அரைக்கல முடிவுகளை ஓரளவு நம்பலாம். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், ஹார்டு கார்பனைப் பற்றி அந்த அரைக்கலம் சொல்வதில் பாதி சோடியத் தகட்டைப் பற்றியதுதான். சோடியத்தை ஒப்பீட்டு மின்வாயாக மட்டும் வைத்துக்கொண்டு, மின்னோட்டத்தை வேறொரு மின்வாய் வழியே செலுத்தும் மும்மின்வாய்க் கலம் கிடைக்குமானால் இந்தச் சந்தேகமே எழாது. எந்த முடிவையும் நாணய வடிவிலான ஒரே காயின் செல்லைக் கொண்டு எடுக்காமல், உலோகத் தாளில் தடவிய ஒரே பூச்சிலிருந்து வெட்டிய குறைந்தது மூன்று கலங்களைக் கட்டுங்கள். மூன்றும் மூன்று விதமாகத் தேய்ந்தால் கலம் கட்டும் முறையில்தான் பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

அறிகுறி: முதல் சுழற்சியிலேயே பெரும் இழப்பு

முதல்முறை ஏறிய சோடியத்தில் எத்தனை விழுக்காடு திரும்பி இறங்குகிறது என்பதே முதல் சுழற்சிக் கூலும் திறன். நன்கு தயாரித்த ஹார்டு கார்பன் 85 முதல் 90 விழுக்காடு வரையும் அதற்கு மேலும் தரும். 70 அல்லது அதற்குக் கீழே என்றால் பழுது இருக்கிறது. அரைக்கலத்தில் இது பெரிதாக உறைக்காது, ஏனெனில் எதிரே இருக்கும் சோடியத் தகடு கேட்ட அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முழுக்கலத்தில் இருக்கும் சோடியம் முழுவதும் கேதோடிலிருந்து வர வேண்டியது. முதல் சுழற்சியில் 30 விழுக்காடு ஆனோடின் மேற்பரப்பில் சிக்கிக்கொண்டால் அந்த 30 விழுக்காட்டுக் கேதோடு கலத்தின் ஆயுள் முழுவதும் வெறும் சுமை.

முதலில் மேற்பரப்பை அளவிடுங்கள். பரப்பில் ஒட்டும் நைட்ரஜனை அளக்கும் உட்கவர்தல் முறையில் ஹார்டு கார்பனின் பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டருக்குள், முடிந்தால் 5-க்குள் இருக்க வேண்டும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொட்டாங்கச்சிக் கரி எளிதில் கிடைக்கிறது என்பதால் பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். அப்போது நேரும் பெரிய பிழை, நீர் வடிகட்டப் பயன்படும் ஊக்குவிக்கப்பட்ட கார்பனையும் ஹார்டு கார்பனையும் ஒன்றென எண்ணுவது. ஊக்குவிக்கப்பட்ட கார்பன் நீராவியாலோ வேதிப்பொருளாலோ வேண்டுமென்றே துளைக்கப்பட்டது; அதன் பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். திறந்த துளை ஒவ்வொன்றிலும் மின்பகுளி புகுந்து சிதைந்து படலமாகும். சோடியத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: உள்ளே துளை இருக்க வேண்டும், அதன் வாய் மூடியிருக்க வேண்டும். நைட்ரஜனுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளைகள் கார்பன் டைஆக்சைடு உட்கவர்தலில் வெளிப்படுவதுண்டு. நைட்ரஜன் அளவீடு நன்றாக இருந்தும் முதல் சுழற்சி மோசமாக இருந்தால் அந்த இரண்டாம் அளவீட்டையும் செய்து பாருங்கள்.

பரப்பு அதிகமாக இருந்தால் உலைக்குத் திரும்ப வேண்டும். ஆர்கானில் 1,200 முதல் 1,400 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது, கார்பன் அடுக்குகள் ஒழுங்காகி, திறந்த துளைகள் மூடிக்கொண்டு, ஆக்சிஜன் ஏந்திய தொகுதிகள் நீங்குகின்றன. வெப்பத்தை நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி என்று மெல்ல ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் உள்ளிருந்து வெடித்து வெளியேறும் வாயுக்களே துளைகளைத் திறந்துவிடும். உலைக் குழாயில் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும் கார்பன் அரிக்கப்பட்டுப் பரப்பு உயரும். பீங்கான் படகின் ஓரத்தில் சாம்பல் பூத்திருப்பதும், எடை வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதும் அதன் அடையாளங்கள். வெப்பநிலை கூடினால் எல்லாம் நன்மை என்றும் கொள்ள வேண்டாம். அடுக்குகளின் இடைவெளி 0.37 நானோமீட்டருக்குக் கீழே வெகுவாகச் சுருங்கிக் கிராஃபைட்டின் 0.335-ஐ நோக்கிப் போகத் தொடங்கினால் அவற்றுக்கிடையே சோடியம் நுழைவது அரிதாகிவிடும். கிராஃபைட் லித்தியத்துக்குக் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி தருவதும், சாதாரண கார்பனேட் மின்பகுளியில் சோடியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராததும் தெரிந்ததே.

தாவரக் கரியில் சாம்பல் ஒரு தனிப் பிரச்சினை. கொட்டாங்கச்சியில் பொட்டாசியமும் கால்சியமும் இருக்கும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை அலசினால் பெரும்பகுதி போய்விடும். நெல் உமியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. அதற்கு இந்த அமிலம் பயன்படாது, சூடான சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். உயர் வெப்பச் சூட்டுக்கு முன்பே கழுவுங்கள், ஏனெனில் சூட்டின்போது பொட்டாசியம் கார்பனைத் துளைக்கும் வேலையைச் செய்யும்.

பொருள் நன்றாக இருந்தும் இழப்பு நிற்கவில்லையா? பூச்சில் கலக்கும் கடத்தும் கார்பனைக் கணக்கிட்டுப் பாருங்கள். சூப்பர் பி என்ற கடத்தும் கார்பனின் பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 62 சதுர மீட்டர். ஒரு கிராம் பூச்சில் அது 10 விழுக்காடு இருந்தால் 6 சதுர மீட்டர் பரப்பு அதிலிருந்தே வருகிறது. 80 விழுக்காடு உள்ள ஹார்டு கார்பனின் பரப்பு கிராமுக்கு 5 என்றால் அதன் பங்கு 4 மட்டுமே. பாடுபட்டுத் துளைகளை மூடிவிட்டு, அதைவிடப் பெரிய பரப்பை நாமே கரண்டியால் அள்ளிச் சேர்க்கிறோம். ஹார்டு கார்பன் தானே மின்னைக் கடத்துவதால் 2 அல்லது 3 விழுக்காடு போதும். சில பூச்சுகளுக்கு அதுவும் தேவைப்படாது.

ஈரம் இன்னொரு காரணம். ஹார்டு கார்பன் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. வெட்டிய மின்வாய்களை வெற்றிடத்தில் 120 டிகிரியில் 12 மணி நேரம் உலர்த்தி, வெளிக்காற்று படாமல் கிளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். இவை அனைத்தையும் செய்து முடித்த பிறகே, ஆனோடுக்கு முன்கூட்டியே சோடியம் ஏற்றும் முறைகளை நாட வேண்டும். சோடியம் பைஃபினைல் கரைசலில் மின்வாயை நனைத்தெடுத்தால் முதல் சுழற்சித் திறன் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மோசமான பரப்பை அது மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை, அந்தப் பரப்பு பிறகும் ஒவ்வொரு சுழற்சியிலும் சோடியத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அறிகுறி: தாழ் மின்னழுத்தச் சமதளம் காணாமல் போகிறது

ஹார்டு கார்பனின் மின்னழுத்தக் கோட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஏறத்தாழ 1 வோல்ட்டிலிருந்து 0.1 வோல்ட் வரை ஒரு சரிவு. அதற்குக் கீழே ஒரு நீண்ட சமதளம். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸும் ஜெஃப் டானும் 2000-இல் குளுக்கோஸைச் சுட்டுத் தயாரித்த ஹார்டு கார்பனில் கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர் மணி கிடைப்பதைக் காட்டியபோதே இவ்விரு பகுதிகளையும் விளக்க முயன்றார்கள். சரிவு அடுக்குகளுக்கிடையே நுழைவதால், சமதளம் நுண்துளைகள் நிறைவதால் என்பது அவர்கள் கருத்து. அந்த விளக்கத்தின் பகுதிகளைப் பற்றிப் பின்னர் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. பிழை காண்பவருக்கு அதைவிட முக்கியமானது, பல ஹார்டு கார்பன்களில் கொள்திறனின் பாதிக்கு மேல் அந்தச் சமதளத்தில் இருக்கிறது, அந்தச் சமதளமோ சோடியம் உலோகத்தின் மின்னழுத்தத்திலிருந்து சில பத்து மில்லிவோல்ட் தொலைவில்தான் இருக்கிறது என்பது.

அரைக்கலத்தின் ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. சோதனையைப் பூஜ்ய வோல்ட்டில் நிறுத்துமாறு கருவிக்குச் சொல்லியிருக்கிறோம். எதிரே இருக்கும் சோடியத் தகட்டின் மிகை மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் என்றால், கலம் பூஜ்யத்தைக் காட்டும் நேரத்தில் ஹார்டு கார்பன் உண்மையில் 60 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. சமதளத்தின் பெரும்பகுதி தொடங்கவே இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டும்போது ஹார்டு கார்பனின் கொள்திறன் சரேலென விழுவதாகக் காட்டும் வரைபடங்களில் பலவற்றை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சுழற்சிகள் ஏற ஏறச் சோடியத் தகட்டின் படலம் தடித்து அதன் தடை உயர்ந்தால், அதுவே ஆனோடின் தேய்வுபோலத் தோற்றம் தரும்.

எனவே இந்த அறிகுறியைக் கண்டதும் கலத்தை எறிந்துவிடாமல், பழைய மின்னோட்டத்தின் பத்தில் ஒரு பங்கில் மூன்று சுழற்சிகள் ஓட்டுங்கள். சமதளம் திரும்பினால் இழந்தது வேகம்; பொருள் அப்படியே இருக்கிறது. திரும்பாவிட்டால் கலத்தை ஆர்கானுக்குள் திறந்து, அதே ஆனோடைப் புதிய சோடியம், புதிய செப்பரேட்டர் (இரு மின்வாய்களையும் பிரித்துவைக்கும் தாள்), புதிய மின்பகுளியோடு மீண்டும் கட்டுங்கள். அப்போது திரும்பினால் குற்றவாளி சோடியத் தகடு. அதன் பிறகும் திரும்பாவிட்டால்தான் கார்பனை ஐயப்பட வேண்டும். முதல் சுழற்சியிலேயே சமதளம் இல்லை என்றால் அது தேய்வே அல்ல: 1,000 டிகிரிக்குக் கீழே சுட்ட கரிகளில் மூடிய துளைகள் போதிய அளவு உருவாவதில்லை, அவை பெரும்பாலும் சரிவையே தரும்.

தடை ஆனோடின் பக்கம்தான் என்று மும்மின்வாய்க் கலம் உறுதிப்படுத்தினால், பூச்சின் கனத்தைக் குறைப்பது, உருளையில் அழுத்துவது, துகளின் அளவை 5 முதல் 10 மைக்ரோமீட்டருக்குள் கொண்டுவருவது ஆகியவை முதலில் செய்ய வேண்டியவை. அதைவிட நுணுக்கி அரைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உலையில் மூடிய துளைகளைப் பந்து அரைவை மீண்டும் திறந்துவிடும்.

அறிகுறி: மெல்ல மெல்லத் தேய்வு, நிறுத்தி வைத்தாலும் இழப்பு

இந்தத் தேய்வில் எந்தச் சுழற்சியிலும் பெரிய வீழ்ச்சி இருக்காது. கூலும் திறன் 99.5-ஐச் சுற்றியே நிற்கும். அரைக்கலத்தில் இது அழகாகத் தெரியும், ஏனெனில் எதிரே சோடியம் கணக்கற்று இருக்கிறது. முழுக்கலத்தின் கணக்கு வேறு: ஒவ்வொரு சுழற்சியிலும் 99.5 விழுக்காடு மட்டுமே திரும்பினால் 100 சுழற்சிகளில் 61 விழுக்காடு சோடியம்தான் மிஞ்சும். 99.9 என்றால் 100 சுழற்சிகளுக்குப் பின் 90, ஆனால் 1,000 சுழற்சிகளுக்குப் பின் 37. அரைக்கலத்தில் 1,000 சுழற்சி கண்டதாகச் சொல்லும் ஆனோடு முழுக்கலத்தில் நூறைத் தாண்டாமல் போவதற்கு இதைவிட வேறு விளக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சோடியத்தில் இதற்கு ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. ஆனோடின் மேல் உருவாகும் இடைமுகப் படலம், அதாவது எஸ்.இ.ஐ., லித்தியத்தில் உருவாவதைவிட மின்பகுளியில் அதிகம் கரையக்கூடியது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதை எளிய முறையில் காட்டினார்கள்: படலம் உருவான கலத்தை நெடுநேரம் நிறுத்திவைத்து, மீண்டும் ஓட்டும்போது எவ்வளவு மின்னேற்றம் தொலைந்திருக்கிறது என்று பார்த்தார்கள், சோடியக் கலத்தில் இழப்பு லித்தியக் கலத்தைவிடக் கூடுதலாக இருந்தது. நிறுத்தி வைத்த நேரத்தில் படலம் கரைகிறது. வெறுமையான பரப்பில் மின்பகுளி மீண்டும் சிதைந்து புதுப் படலம் கட்டுகிறது. அதற்குச் சோடியம் செலவாகிறது.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஐந்து சுழற்சிகளுக்குப் பிறகு சோடியம் ஏறிய நிலையில் கலத்தை 50 மணி நேரம் திறந்த சுற்றில் விடுங்கள். பிறகு இறக்கி, எவ்வளவு குறைகிறது என்று குறியுங்கள். அடுத்து, சோடியம் இறங்கிய நிலையில் அதே நேரம் விட்டு, அடுத்த ஏற்றத்தில் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் இழப்பு இருந்தால் படலம் கரைகிறது என்று கொள்ளலாம். ஓய்வின்றி ஓட்டிய கலத்தில் இழப்பு தெரியாமல், ஓய்வு கொடுத்த கலத்தில் மட்டும் தெரிவது இதன் தனி அடையாளம். சூரிய ஒளி மின்சாரத்தைச் சேமித்து இரவு முழுவதும் காத்திருக்க வேண்டிய கலங்களுக்கு இந்தக் குறை எவ்வளவு கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு மின்பகுளியில்தான் இருக்கிறது. முதலில் உப்பைப் பாருங்கள். சோடியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட்டின் 1 மோலார் கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் தெரிந்தால் கரையாத சோடியம் ஃப்ளோரைடு முதலிய மாசுகள் இருக்கலாம், வேறு தொகுதி உப்பை வாங்கி ஒப்பிடுங்கள். சோடியம் பெர்குளோரேட் மலிவானதுதான், ஆனால் அதை முழுமையாக உலர்த்துவது கடினம், உலர்ந்த நிலையில் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. ஒப்பீட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கரைப்பானில் எத்திலீன் கார்பனேட்டும் புரோப்பிலீன் கார்பனேட்டும் கலந்த கலவை நம்பகமான தொடக்கம். அது சாதாரணப் பாலிபுரோப்பிலீன் செப்பரேட்டரை எளிதில் நனைக்காது. கண்ணாடி இழை செப்பரேட்டரை வைத்தால் நனையும், ஆனால் அது மின்பகுளியை ஏராளமாகக் குடிக்கும். மின்பகுளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு படலம் அதில் கரைய முடியும். ஆகவே காயின் செல்லில் ஊற்றும் அளவை எப்போதும் நுண்குழாயால் அளந்து, எல்லாக் கலங்களுக்கும் ஒரே அளவில் விடுங்கள். கண்ணளவாக ஊற்றிய கலங்களின் ஆயுளை ஒப்பிடவே முடியாது.

ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் சேர்ப்பதைப் பற்றிக் கருத்து ஒன்றுபட்டதில்லை. ஜப்பானில் ஷினிச்சி கோமாபாவின் குழு 2011-இல் சோடியக் கலங்களுக்கு அது நல்ல சேர்மானம் என்று காட்டியது. பார்சலோனாவில் ரோசா பலாசினின் குழுவோ 2013-இல், எத்திலீன்–புரோப்பிலீன் கார்பனேட் கலவையில் எந்தச் சேர்மானமும் இல்லாமலே ஹார்டு கார்பன் நன்றாக ஓடுவதைக் காட்டியது. என் அனுபவத்தில் இரண்டுமே உண்மை. டின், ஆண்டிமனி போன்று வீங்கிச் சுருங்கும் ஆனோடுகளில் அது இல்லாமல் கலம் நிற்பதே இல்லை. ஹார்டு கார்பனில் 2 விழுக்காட்டிலிருந்து தொடங்கி, கூலும் திறன் உயர்கிறதா, அதற்கு ஈடாக மின்மறுப்பு எவ்வளவு கூடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். சேர்மானம் தீர்ந்ததும் தேய்வு திடீரென வேகமெடுக்கலாம் என்பதால், ஐம்பது சுழற்சிகளைக் கண்டு மகிழ்ந்து நிறுத்திவிட வேண்டாம்.

டைகிளைம் போன்ற ஈதர் கரைப்பான்கள் வேறொரு பாதை. அவற்றில் உருவாகும் படலம் மெல்லியது, உறுதியானது. முதல் சுழற்சித் திறனும் பெரும்பாலும் உயரும். ஜெர்மனியின் கீசனில் யாஹேயும் அடெல்ஹெல்மும் 2014-இல் காட்டியபடி, டைகிளைமில் சோடியம் கரைப்பான் மூலக்கூறுகளையும் உடன் அழைத்துக்கொண்டு கிராஃபைட்டுக்குள்ளேயே நுழைந்து, கிராமுக்கு ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் மணி அளவில் 1,000 சுழற்சிகள் வரை நிலைக்கிறது. ஆனால் ஈதர்கள் உயர் மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். 4 வோல்ட்டை நெருங்கும் கேதோடோடு இணைப்பதற்கு முன் கேதோடின் பக்கத்தைத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

அறிகுறி: இருபது முப்பது சுழற்சிகளில் திடீர்ச் சரிவு

இது டின், ஆண்டிமனி, பாஸ்பரஸ் ஆனோடுகளின் நோய். டின் கிராமுக்கு 847 மில்லி ஆம்பியர் மணியும், ஆண்டிமனி 660-உம் கோட்பாட்டளவில் தரவல்லவை. அதற்கான விலை வீக்கம்: சோடியம் முழுதும் ஏறிய டின் தன் பழைய கன அளவைப்போல ஐந்து மடங்கும், ஆண்டிமனி ஏறத்தாழ நான்கு மடங்கும் ஆகிறது. லித்தியம் ஏறும்போது கிராஃபைட் பத்து விழுக்காடு மட்டுமே பருக்கிறது என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தத் துகள் என்ன பாடுபடுகிறது என்பது விளங்கும். துகள் உடைகிறது, உடைந்த முகத்தில் புதுப் படலம் உருவாகிறது, துண்டுகள் மின் தொடர்பை இழக்கின்றன.

திறந்து பாருங்கள். செப்பரேட்டரில் கரும்பொடி ஒட்டியிருந்தால் பூச்சு உதிர்ந்திருக்கிறது, பைண்டர் தோற்றிருக்கிறது. பூச்சு தாளோடு உறுதியாக இருந்தும் கொள்திறன் இல்லையென்றால், துகள்களைச் சுற்றிப் படலம் தடித்து அவற்றைத் தனிமைப்படுத்தியிருக்கிறது. முதல் வகைக்கு பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடின் ஃப்ளோரைடு) பைண்டரைக் கைவிட்டு, சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் அல்லது பாலிஅக்ரிலிக் அமிலத்துக்கு மாறுங்கள். அவற்றின் கார்பாக்ஸில் தொகுதிகள் துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன, பி.வி.டி.எஃப். வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பதோடு, சோடியத்தின் தாழ் மின்னழுத்தத்தில் ஃப்ளோரினையும் இழக்கிறது. இரண்டாம் வகைக்கு ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் 5 விழுக்காடு வரை சேர்க்கலாம். உலோகத்தை நானோத் துகளாகக் கார்பன் அணிக்குள் பதித்து, வீங்குவதற்கு இடம் விட்டு வைக்கலாம். நானோ என்று போனால் பரப்பு கூடி முதல் சுழற்சி இழப்பு உயரும் என்பதை மறக்க வேண்டாம்.

நானோவுக்குப் போகாமலே ஒரு வழி இருக்கிறது என்பதை நான் வியப்போடு கற்றுக்கொண்டேன். பிஸ்மத்தை மைக்ரோமீட்டர் அளவுத் துகளாகவே வைத்து ஈதர் மின்பகுளியில் ஓட்டினால், முதல் சில சுழற்சிகளில் துகள்கள் உடைந்து, உதிராமல், ஒன்றோடொன்று இணைந்த நுண்துளை வலையாக மாறிக்கொள்கின்றன. அதன் பிறகு அந்த வலை மூச்சுவிடுவதுபோலப் பருத்தும் சுருங்கியும் நிலைக்கிறது. கொள்திறன் கிராமுக்கு 385 மில்லி ஆம்பியர் மணிக்குள்தான். நிலைத்தன்மைக்காக அந்த அளவோடு நிறைவடைவது, 847-ஐத் துரத்தி இருபது சுழற்சியில் இழப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

அறிகுறி: பூச்சு சுருள்கிறது, குமிழ் விடுகிறது

இதற்கு நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. சோடியம் அலுமினியத்தோடு கலப்புலோகம் ஆவதில்லை என்பதால் ஆனோடுக்கும் அலுமினியத் தாளையே பயன்படுத்தலாம். செப்பைவிட மலிவு, கலத்தைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கி வைத்தாலும் தாள் கரையாது. ஆனால் நீரில் கலக்கும் ஸ்லரி (பூச்சுக் குழம்பு) காரத்தன்மையோடு இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். சரியாகக் கழுவாத தாவரக் கரியின் சாம்பல் ஸ்லரியைக் காரமாக்கிவிடும். கார-அமில அளவை (pH) சோதனைத் தாளால் பாருங்கள். 9-ஐத் தாண்டினால் கரியை மீண்டும் கழுவுங்கள் அல்லது கார்பன் பூசிய அலுமினியத் தாளுக்கு மாறுங்கள். ஓரங்கள் சுருண்டால் உலர்த்தும் வேகத்தைக் குறைத்து, செல்லுலோஸ் பைண்டரோடு எஸ்.பி.ஆர். (ஸ்டைரீன்-பியூட்டாடையீன்) ரப்பர் பாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மின்னழுத்தம் துள்ளுகிறது, கூலும் திறன் நூறைத் தாண்டியும் தாழ்ந்தும் ஆடுகிறது

சோடியம் உலோகமாகப் படியத் தொடங்கியிருக்கிறது. ஊசிபோல் வளர்ந்த பகுதிகள் செப்பரேட்டரைத் துளைத்து நுண்ணிய குறுக்குத் தொடர்பை உண்டாக்குகின்றன. அரைக்கலத்தில் இது பெரும்பாலும் எதிர்த்தகட்டின் பிழை. முழுக்கலத்தில் இது ஆனோடின் மேல் நடந்தால் ஆபத்து.

லித்தியம்–கிராஃபைட் கலத்தில் உலோகப் படிவை மின்னழுத்தக் கோட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். ஹார்டு கார்பனின் சமதளமும் சோடியம் படியும் மின்னழுத்தமும் மிக நெருங்கியிருப்பதால் இங்கே கோட்டை மட்டும் நம்ப முடியாது. சோடியம் ஏறிய நிலையில் ஆர்கானுக்குள் திறந்து, சாம்பல் நிறப் பளபளப்பான திட்டுகள் இருக்கின்றனவா, அவை ஓரத்தில் இருக்கின்றனவா நடுவிலா என்று பாருங்கள். அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி கிடைத்தால், உலோகச் சோடியத்தின் குறி ஏறத்தாழ 1,130 பிபிஎம்மில் தனித்து நிற்கும், ஐயத்துக்கு இடமிருக்காது. திட்டுகள் ஓரத்தில் மட்டும் என்றால் ஆனோடு கேதோடைவிடச் சிறிதாக வெட்டப்பட்டிருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். பரப்பு முழுவதும் என்றால் ஆனோடின் கொள்திறன் போதவில்லை. கேதோடைவிட 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாக வையுங்கள், அதற்கு மேல் வைத்தால் படலத்துக்கே சோடியம் வீணாகும். குளிரிலோ வேக ஏற்றத்திலோ மட்டும் நிகழ்ந்தால் ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், ஏனெனில் சமதளம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வாறு திறந்த மின்வாய்களை நீருள்ள எந்தக் கழிவுப் பாத்திரத்திலும் போடக் கூடாது. ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஓட்டத்தில், சிறு சிறு துண்டுகளாக, உலர்ந்த ஐசோபுரோப்பனாலில் இட்டு, குமிழ்கள் முற்றிலும் அடங்கும்வரை காத்திருங்கள். மாணவர்களைத் தனியே இதைச் செய்ய விடாதீர்கள்.

அறிகுறி: எதிலும் அடங்காத தேய்வு

மேலே சொன்ன எதுவும் பொருந்தாவிட்டால், தேய்ந்த முழுக்கலத்தை முற்றிலும் இறக்கிய நிலையில் திறந்து, ஆனோடையும் கேதோடையும் தனித்தனியே புதிய சோடியத்துக்கு எதிரே வைத்து மெதுவாக ஓட்டுங்கள். இரண்டும் தத்தம் முழுக் கொள்திறனைத் தந்தால் பொருள்கள் இரண்டுமே நலம், சோடிய இருப்புதான் தீர்ந்திருக்கிறது. படலத்தைப் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள். கேதோடு குறைவாகத் தந்தால் நீங்கள் தேடிக்கொண்டிருந்த பிழை இந்த வழிமுறைக்கு வெளியே இருக்கிறது. ஆனோடு குறைவாகத் தந்தால்தான் அதன் மேற்பரப்பை நுணுகி ஆராய வேண்டும். அப்போது, லித்தியம் மின்வாய்களுக்குப் பழகிய கையோடு டைமெத்தில் கார்பனேட்டில் நெடுநேரம் அலசிவிடாதீர்கள். சோடியத்தின் படலம் அந்தக் கரைப்பானிலேயே கரைந்து போகும், பிறகு கருவியில் தெரிவது அலசலுக்குத் தப்பிய மிச்சம்தான். ஒரே மின்வாயை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சில நொடி மட்டும் அலசியும், மறு பாதியை அலசாமல் உலர்த்தியும் அனுப்பி, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.